சமூக விரோதி யார்? – தடாவுக்கு நெல்லூர்ப் பெண்கள் தரும் பாடம்

தடாவிலும், அதைச் சுற்றியுள்ள எல்லையோரக் குடியிருப்புகளிலும் வாழும் நம் குடும்பங்களிடம் இன்று ஒரே முறையீடுதான் ஓங்கி ஒலிக்கிறது. இருட்டியபின் தெருவில் நடமாட முடியவில்லை என்பதே அது. சம்பள நாளன்று கடை வாசலில் தொடங்கும் கூச்சல் நள்ளிரவில் லைன் வீட்டுக் கதவுகளை உதைப்பதில் முடிகிறது. இரண்டாம் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண் பிள்ளைகள் வீடு வந்து சேரும்வரை தாய்மாருக்கு நெஞ்சில் ஈரமில்லை. போதையில் கிடப்பவனின் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத உழைப்பு களவு போகிறது. மறுநாள் அவன் வீட்டில் அடுப்பெரிவதில்லை.

உள்ளூர்க்காரர்களைக் கேட்டால், "எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வந்த பசங்களின் வேலை" என்கிறார்கள். நம்மவர்களைக் கேட்டால், "உள்ளூர் ரௌடிகளின் அட்டகாசம்" என்கிறார்கள். இரு சாராரும் விரலை எதிர்ப்பக்கம் நீட்டிவிட்டு வீட்டுக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறார்கள். தெரு மட்டும் அப்படியே இருக்கிறது. கூச்சல் பெரிதாகிப் பேப்பரில் செய்தி வந்தால் அதிகாரிகள் ஜீப்பில் வருகிறார்கள். "சமூக விரோதிகள் மீது கடும் நடவடிக்கை" என்று அறிக்கை விடுகிறார்கள். அன்றிரவு கண்ணில் பட்ட நாலு கூலிகளை ஏற்றிச் செல்கிறார்கள். அடுத்த சம்பள நாள் வரும்போது பழைய கதைதான்.

சமூக விரோதச் செயல்களை ஒழிப்பது எப்படி என்று நாம் கேட்குமுன், சமூக விரோதி யார் என்பதை யார் தீர்மானிப்பது என்று கேட்டாக வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஊரை விட்டு வந்து பிழைப்பவன் ஒருவனும் நிம்மதியாக உறங்க முடியாது.

முத்திரை குத்தும் பழக்கம்

வெள்ளைக்காரன் ஆட்சியில் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. ஒருவன் செய்த செயலைப் பார்க்காமல், அவன் பிறந்த குலத்தைப் பார்த்தே அவனைக் குற்றவாளி என்று ஏட்டில் எழுதிய சட்டம் அது. இதே நெல்லூர்ச் சீமையில், காவலியில், எருகல மக்களை அடைத்துவைக்கக் குடியிருப்பு ஒன்று இருந்தது. இந்த மக்கள் வேற்றவர் அல்லர். தமிழ்நாட்டில் குறவர் என்று நாம் அழைக்கும் மக்களின் உறவினர்கள். 1952-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் அந்தப் புத்தி நீங்கவில்லை.

விடுதலைக்குப் பின்னும், விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரைச் சிறையில் வைக்கும் சட்டங்கள் இரு மாநிலங்களிலும் வந்தன. தமிழ்நாட்டில் 1982-இல் வந்ததைக் குண்டர் சட்டம் என்று எல்லோரும் அறிவோம். ஆந்திரத்திலும் அதே போன்ற சட்டம் 1986-இல் வந்தது. கள்ளச்சாராயம் விற்பவன், கொள்ளையன், குண்டன், நிலத்தை அபகரிப்பவன் என்று அச்சட்டங்களின் பட்டியல் நீண்டது. பட்டியலில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் யார் பெயர் ஏறுகிறது? நிலத்தை அபகரித்தவனின் பெயரா, நடைபாதையில் படுத்தவனின் பெயரா?

2015 ஏப்ரல் 7-ஆம் நாளை நாம் மறக்க முடியுமா? திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் 20 தமிழ்க் கூலிகள் ஆந்திரச் சிறப்புப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் சுட்டோம் என்றது போலீஸ். செத்தவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழை மக்கள். சிலர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று உடன் வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். செம்மரக் கடத்தல் குற்றம்தான். அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மரத்தைக் கப்பலேற்றிக் கோடி கோடியாகச் சேர்த்த முதலாளி ஒருவனாவது அந்தக் காட்டில் பிணமாகக் கிடந்தானா? கோடரி பிடித்த கூலிதான் "சமூக விரோதி" ஆனான்.

முத்திரை குத்துவது அதிகாரிகளுக்கு எளிது. முத்திரை குத்தப்பட்டவன் வேற்று மொழிக்காரனாகவும், ஓட்டு இல்லாதவனாகவும், வாடகைக் குடிசைக்காரனாகவும் இருந்துவிட்டால் அது இன்னும் எளிது. தடாவில் நம் நிலைமை இதுதான்.

நம் வீட்டுக் குப்பை

இதைச் சொல்வதால், நம் பக்கம் குற்றமே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன் தமிழனாக இருந்தால் அடி இனிக்குமா? ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்ணைப் பின்தொடர்ந்து சீட்டியடிப்பவன் நம் ஊர்க்காரன் என்பதற்காக அவனைக் காப்பாற்ற வேண்டுமா? உள்ளூர்க் குடும்பத்தின் வாசலில் இரவில் வாந்தியெடுத்து, கேட்க வந்த பெரியவரைக் கெட்ட வார்த்தையால் வைபவன், தன் பெயரை மட்டுமா கெடுக்கிறான்? அவனோடு சேர்ந்து அங்கு வேலை செய்யும் அத்தனை குடும்பங்களின் பெயரையும் கெடுக்கிறான். அவனை மூடி மறைப்பது மொழிப் பற்றல்ல. அவனால் முதலில் அடிபடுகிறவள் நம் வீட்டுப் பெண்தான்.

ஆகவே, தெருவில் தொல்லை உண்மை. அதை ஒழிக்க வேண்டும் என்பதும் உண்மை. எப்படி ஒழிப்பது என்பதில்தான் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆளைத் துரத்துவது ஒரு வழி. தொல்லை ஊற்றெடுக்கும் இடத்தை அடைப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியைக் கற்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நெல்லூர்ப் பெண்கள் செய்தது

தடா இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரல் 4-இல் அந்தப் புதிய மாவட்டம் உருவாகும்வரை அது நெல்லூர் மாவட்டம். இந்த நெல்லூர் மாவட்டத்தில்தான், எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலிப் பெண்கள் ஒரு மாநில அரசையே பணிய வைத்தார்கள்.

1980-களில் ஆந்திரக் கிராமங்களுக்குச் சாராயம் பாலிதீன் பாக்கெட்டுகளில் வந்தது. குடிதண்ணீர் வராத ஊருக்கும் சாராய ஜீப் தவறாமல் வந்தது. சாராயக் கடைகளை ஆண்டுதோறும் ஏலம் விட்டு அரசு கஜானாவை நிரப்பியது. ஏலம் எடுத்த கான்டிராக்டரின் அடியாட்கள்தாம் கிராமத்தின் ராஜாக்கள். கூலியில் பெரும்பங்கு கடைக்குப் போனது. அடியும் உதையும் வீட்டுக்கு வந்தன.

1990-இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. பகலெல்லாம் வயலில் குனிந்த பெண்கள் மாலையில் விளக்கடியில் கூடினார்கள். எழுத்தைக் கற்க வந்தவர்கள் தங்கள் துயரத்தின் காரணத்தையும் கற்றார்கள். தூபகுண்டா என்ற கிராமத்தில் ரோசம்மா முதலான பெண்கள் கூடிப் பேசினார்கள். ஊருக்குள் கள்ளும் சாராயமும் வரக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். கள் வண்டி வந்தது, மறித்தார்கள். வண்டிக்காரனும் ஏழை என்பதை அவர்கள் மறக்கவில்லை. அவனுக்கு நஷ்டம் என்றால் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். பிறகு சாராய ஜீப் வந்தது. அதையும் சூழ்ந்து நின்று திருப்பி அனுப்பினார்கள். கடை மூடப்பட்டது.

இந்தச் செய்தி, பெண்கள் ஒன்றுபட்டால் என்ன நடக்கும் என்று சொல்லும் பாடமாக அறிவொளிப் புத்தகத்தில் அச்சேறியது. எழுத்துக் கூட்டிப் படித்த ஒவ்வொரு ஊர்ப் பெண்ணும், "அங்கே முடிந்தால் இங்கே ஏன் முடியாது?" என்று கேட்டாள். 1992-இல் மாவட்டம் முழுதும் பற்றிக்கொண்டது. துடைப்பமும் மிளகாய்ப் பொடியுமாகப் பெண்கள் கடைகளின் முன் நின்றார்கள். பாக்கெட்டுகளைக் கொட்டி எரித்தார்கள். குடித்து வந்தவனுக்குச் சோறு போட மறுத்தார்கள். சாராயக் கடை ஏலம் நடக்கவிடாமல் நெல்லூரிலேயே திரண்டார்கள். ஏலம் திரும்பத் திரும்பத் தள்ளிப் போனது. 1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலும், அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதிலும் சாராயம் தடை செய்யப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அந்தப் பெண்கள் குடிகாரனை ஊரைவிட்டு விரட்டவில்லை. அவன் அவர்களுடைய கணவன், மகன், அண்ணன். கடையை விரட்டினார்கள். இரண்டாவது, தம் ஊர்க் கடையை மூடியதோடு நிற்கவில்லை. கடைக்கு உரிமம் தரும் ஏலத்தை மறித்தார்கள். அதிகாரத்தின் கழுத்து எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார்கள். மூன்றாவது, வெற்றிக்குப் பிறகு கலைந்து போகவில்லை. குடிக்குப் போன காசில் நாளுக்கு ஒரு ரூபாய் சேமிப்போம் என்று பொதுபு லட்சுமி சேமிப்புக் குழுக்களைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் ஆந்திரமெங்கும் பெருகிய ட்வாக்ரா மகளிர் குழுக்களுக்கு அது பெரிய உந்துதலாயிற்று.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். சில ஊர்களில் குடித்தவனை மொட்டையடித்து ஊர்வலம் விட்டார்கள். கோபம் புரிகிறது, ஆனால் அதை நாம் பின்பற்ற முடியாது. இன்று குடிகாரனை மொட்டையடிக்கும் கூட்டம் நாளை வேற்று மொழிக்காரனைக் கட்டிவைத்து அடிக்கும். அடுத்து, அரசு கொடுத்ததை அரசே எடுத்துக்கொண்டது. 1995-இல் என்.டி. ராமராவ் கொண்டுவந்த முழு மதுவிலக்கு, 1997-இல் சந்திரபாபு நாயுடு ஆட்சியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. வருமானம் போகிறது என்று காரணம் சொன்னார்கள். 2019-இல் கடைகளை அரசே ஏற்றது. 2024 அக்டோபரில் கடைகள் மீண்டும் தனியாரிடம் போயின. எல்லைக்கு இந்தப் பக்கம் 2003 முதல் டாஸ்மாக்கே சில்லறை வியாபாரி. ஆட்சிகள் மாறும், கல்லாப்பெட்டி மாறுவதில்லை. ஆகவே மக்களின் கண்காணிப்பு தளர்ந்த அன்றே ஜீப் திரும்பி வரும்.

சிங்கப்பூரில் நடந்தது

வெளியூரில் பிழைப்பவர்கள் இந்த விஷயத்தில் தூங்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கடல் கடந்து ஓர் உதாரணம் இருக்கிறது. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். கூட்டம் கொதித்தது, வண்டிகள் எரிந்தன. 25 பேர் மீது வழக்கு. 57 பேர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். விசாரணைக் குழு குடியை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. 2015-இல் புதிய மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை பொது இடத்தில் எங்கும் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவுக்கு இன்னும் கடுமையான விதிகள்.

வாரம் ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் உட்கார்ந்து பேச ஓர் இடம் இருந்ததா, அவன் மனக்குறையைக் கேட்க ஆள் இருந்ததா என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. பாட்டில் முன்னுக்கு வந்தது. ஒரு ராத்திரி வெறியாட்டத்துக்கு, அதில் கலந்துகொள்ளாத ஆயிரக்கணக்கானவர்களும் விலை கொடுத்தார்கள். நம் தெருவை நாமே ஒழுங்கு செய்யாவிட்டால், நம்மைக் கேட்காமல் மற்றவர்கள் ஒழுங்கு செய்வார்கள்.

சட்டம் நம் கையிலும் இருக்கிறது

சட்டம் போலீஸ்காரரின் லத்தியில் மட்டும் இல்லை. தெரிந்துகொண்டால் நம் கையிலும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதன் 355-ஆம் பிரிவு, குடிபோதையில் பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தருவதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அல்லது சமூக சேவை. பழைய சட்டத்தில் இந்த அபராதம் பத்து ரூபாய்தான்! இங்கே இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவு தண்டிப்பது பிறருக்குத் தந்த தொல்லையை. குடித்தவன் எந்த மொழி பேசுகிறான் என்பதை அல்ல. ஒருவனைச் சிறைக்கு அனுப்பாமல், அவன் அசிங்கப்படுத்திய தெருவையே கூட்ட வைக்கவும் நீதிமன்றத்துக்கு வழி உண்டு. நம் பிழைப்பும் கெடாமல் தெருவும் திருந்த இதுவே நல்ல வழி.

பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை செய்வது 2013 முதல் தனிக் குற்றம். புதிய சட்டத்தில் 78-ஆம் பிரிவு. முதல் முறையே மூன்றாண்டு வரை தண்டனை உண்டு.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு இன்னொரு தொல்லை தெரிந்ததே. ஆரம்பாக்கத்தில் போய்ச் சொன்னால் "அது ஆந்திரா" என்பார்கள். தடாவில் சொன்னால் "அது தமிழ்நாடு" என்பார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப இடமில்லை.

நெடுஞ்சாலைக் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. மக்கள்தொகை 20,000-க்குள் இருக்கும் உள்ளாட்சிப் பகுதிகளுக்குப் பிறகு 220 மீட்டர் என்று குறைத்தது. அதற்குப் பின்னும் நகர்ப்பகுதிகளுக்கும், நகரைப்போல் வளர்ந்த ஊராட்சிகளுக்கும் தளர்வு கிடைத்தது. தடா வழியே தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. கடை எத்தனை மீட்டரில் இருக்கிறது, எந்தத் தளர்வின்கீழ் இருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்க நமக்கு உரிமை உண்டு. தகவல் உரிமைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. உரிமம் பெற்ற கடைக்கு வெளியே, பெட்டிக்கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் விற்கும் பெல்ட் ஷாப்புகளுக்கு எந்தத் தளர்வும் கிடையாது.

செய்ய வேண்டியவை

ஒன்று: ஒவ்வொரு லைன் குடியிருப்பிலும் ஒரு தெருக் கமிட்டி அமைய வேண்டும். அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் மட்டும் கூடினால் அது கமிட்டியாகாது; ஒரு கட்சியாகிவிடும். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவையும், ஒடியா, பீகார் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அந்த அக்காவின் கணவனும் அதே கடையில்தான் கூலியைத் தொலைக்கிறான்.

இரண்டு: புகாரை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், தெலுங்கில் எழுதுங்கள். நாள், நேரம், இடம், நடந்த செயல் ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். "தமிழர்கள்", "உள்ளூர்க்காரர்கள்" என்ற சொற்கள் அதில் வேண்டாம். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அவசரமென்றால் 112, பெண்களுக்கு 181.

மூன்று: கிராம சபை கூடும் நாளைக் கேட்டறிந்து போங்கள். ஓட்டு தமிழ்நாட்டில் இருப்பதால் கை தூக்கித் தீர்மானம் நிறைவேற்ற நமக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். ஆனால் உள்ளூர்ப் பெண்கள் கொண்டுவரும் தீர்மானத்துக்குப் பின்னால் ஐம்பது குடும்பங்களின் மனுவோடு நிற்க யார் தடை? தெருவிளக்கு, பஸ் நிற்கும் இடம், பெல்ட் ஷாப் ஆகிய மூன்றை மட்டும் முதலில் கேளுங்கள். இருட்டில் நடக்கும் அட்டகாசத்தில் பாதியை ஒரு தெருவிளக்கே நிறுத்திவிடும். பஸ்ஸைக் குடியிருப்பு வாசல்வரை விடச் சொல்லிக் கம்பெனிகளிடமும் கேட்க வேண்டும். பெண்களை இரவு ஷிஃப்டில் வேலை வாங்குகிறவர் அவர்களைப் பாதுகாப்பாக வீடு சேர்க்கவும் கடமைப்பட்டவர்.

நான்கு: நம்மவர்களில் ஒருவர் வரம்பு மீறினால், முதலில் கமிட்டி கூப்பிட்டுப் பேசட்டும். சம்பளத்தை மனைவியின் வங்கிக் கணக்கில் போடச் செய்யட்டும். குடியை விட விரும்பினால் சிகிச்சைக்கு உடன் போகட்டும். பெண்ணையோ குழந்தையையோ அடித்தால் மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது, அன்றே புகார். அதைப் பஞ்சாயத்தில் பேசித் தீர்ப்பது அடித்தவனுக்குச் செய்யும் உதவி.

ஐந்து: போலீஸ் யாரையாவது பிடித்துப் போனால், அவன் நல்லவனோ கெட்டவனோ, என்ன குற்றம் என்று கேளுங்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், காவலில் இருப்பவருக்கும் இலவசச் சட்ட உதவி 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை. தொலைபேசி எண் 15100. குற்றம் செய்தவனுக்குத் தண்டனை கிடைக்கட்டும். கண்ணில் பட்டவனுக்குக் கிடைக்கக் கூடாது.

உழைக்கும் தோழர்களே, தாய்மார்களே! நம் தெருவுக்கு வரும் ஆபத்து இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. ஒன்று, போதையில் கதவை உதைக்கும் கால். மற்றொன்று, அந்தக் காலைச் சாக்காக வைத்து நம் எல்லோரையும் ஒரே ஏட்டில் எழுதக் காத்திருக்கும் பேனா. ஒன்றை மட்டும் எதிர்த்து மற்றொன்றைக் கண்டுகொள்ளாமல் விட்டால் இரண்டும் சேர்ந்து நம்மை அழுத்தும். நெல்லூர்ப் பெண்களிடம் பணமோ பதவியோ இருக்கவில்லை. பலருக்குத் தம் பெயரை எழுதக்கூட அப்போதுதான் வந்தது. அவர்களுடைய பேத்திகள்தாம் இன்று நம் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார்கள். நம் பெண்களோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள். இந்த மாதச் சம்பள நாளுக்கு முன்னால், அவர்களில் ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள். முதல் கமிட்டிக் கூட்டம் அங்கேதான் தொடங்குகிறது.